பத்தாம் கல்லும் நாற்பது விநாடியும்

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்தேன். எண்பதைத் தாண்டியவன் பந்தியில் பாதியில் எழுந்தால் உடம்புக்கு ஏதோ என்றுதான் நினைப்பார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரின் வாய்தான் காரணம்.

என் தங்கையின் பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஒரே நாளில் கடலில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீந்தி, கரையேறி நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்திருக்கிறான். டிரையத்லான் என்று பெயர். அந்தப் பேச்சு பந்தியில் வந்தது.

"நீச்சல்ங்கிறது என்ன? நாம ஊருணியில குதிக்காத குதியா?" என்றார் ஒருவர்.

"சைக்கிளு? பள்ளத்தூர்லருந்து தினம் காரைக்குடிக்கு மிதிச்சுத்தானே படிச்சோம். பின்னாடி ஒரு ஆள், முன்னாடி ஒரு மூட்டை."

"ஓட்டத்தை விட்டுட்டீகளே. கண்டக்டர் விசில் அடிச்சதும் ஓடாத ஓட்டமா? மூணையும் நாம தனித்தனியாச் செஞ்சோம். அவன் ஒண்ணாச் சேத்துச் செஞ்சிட்டு அதுக்கு ஒரு மெடல் வாங்கிட்டான்."

மூவரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவருக்கு மண்டபத்தின் மாடிப்படி ஏற இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. சிரிப்பதற்கு யார் கையும் வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் இதைச் சிரித்திருக்கிறேன். அதனால்தான் இலையை மூடினேன். இவர்கள் மீது வந்த கோபத்தில் பாதிக்கு மேல் என்னைச் சேர வேண்டியது. அதை எழுதி வைத்துவிட்டால் அடுத்த கல்யாணத்திலாவது பாயசம் குடிக்கலாம்.

நான் அப்போது காரைக்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளர். சிவகங்கை தனி மாவட்டம் ஆகாத காலம். நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தோம். எந்தக் கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில், எந்தப் பதிவேட்டில் யார் சுருக்கொப்பம், எந்தக் கோப்பை எத்தனை ஆண்டு கழித்து அழிக்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். மேலதிகாரிகள் விதியைப் பார்க்க வேண்டுமானால் புத்தகத்தைத் தேடமாட்டார்கள், என்னைக் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இந்தப் பெருமையோடு நான் செய்த ஒரு வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மைல், கஜம், பர்லாங் என்று இருக்கிற பதிவேடுகளை எல்லாம் மெட்ரிக் முறைக்கு மாற்றி, பதினைந்து நாளில் நிறைவேற்றிவிட்டதாக அறிக்கை அனுப்ப வேண்டும். எங்களிடம் இருந்த பதிவேடுகளை அடுக்கினால் ஆள் உயரம் வரும். ஒவ்வோர் எண்ணையும் பெருக்கி எழுத பதினைந்து நாள் எந்த மூலைக்கு?

"முதல்ல தலைப்பை மாத்திருவோம். உள்ள இருக்கிற நம்பரை அப்புறம் பாப்போம்" என்றார் எங்கள் மேலாளர்.

செய்தேன். சிவப்பு மையில் 'மைல்' என்பதை அடித்து 'கி.மீ.' என்று எழுதி, பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போட்டேன். உள்ளே இருந்த எண்கள் அப்படியே இருந்தன. பத்து மைல் சாலை பத்து கிலோமீட்டர் சாலை ஆனது. ஒரே பிற்பகலில் எங்கள் ஒன்றியத்தின் சாலைகளை எல்லாம் எட்டில் மூன்று பங்கு வெட்டிக் குறைத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. ஊரில் பாதிப் பேர், கிலோமீட்டர் என்பது மைலுக்கு சர்க்கார் வைத்த புதுப்பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வித்தியாசம் தெரியும். 'எண்களை மாற்றுவது குறித்துத் தனியே அறிவுரை எதிர்பார்க்கப்படுகிறது' என்று கோப்பில் ஒரு வரி எழுதி, என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அந்த அறிவுரை அப்போது வரவில்லை. நானும் மறந்துபோனேன்.

எங்கள் அலுவலகத்தில் தபால் கொண்டு போகிற ஒருவர் இருந்தார். இருபத்தைந்தை எட்டப்போகிற வயது. தற்காலிக ஊழியர். அலுவலகக் கடிதங்களைச் சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தபால் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி வருவார். விடிகாலையில் அலுவலகத்துக்கு வருவதற்கு முன்பே பள்ளிக்கூட மைதானத்தை ஐம்பது சுற்று ஓடி முடித்திருப்பார். சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவாராம். அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பதற்கு நாங்கள் ஒரு நாளும் சலித்ததில்லை.

"ஏப்பா, ஐம்பது சுத்து சுத்தியும் அதே எடத்துலதானே நிக்கிற?" என்பார் மேலாளர்.

அவர் சிரித்துக்கொண்டே தபால் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த வருடம் பொதுத்துறை ஆலை ஒன்று விளையாட்டு வீரர்களுக்கென்று சில வேலைகள் ஒதுக்கியிருந்தது. மாநிலப் போட்டிக்குத் தேர்வானதற்குச் சான்று வேண்டும். வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அவருக்கு அது கடைசி வருடம். நிரந்தர வேலை என்பது அவருக்கு அந்த ஒரு கதவு வழியாகத்தான் வர முடியும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான். மாநிலத் தேர்வுச் சான்றுக்கான ஒரு பத்திதான் காலி.

மாநிலப் போட்டிக்கு எங்கள் வட்டாரத்திலிருந்து ஆள் எடுக்கும் பொறுப்பு ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு வந்தது. இருபது கிலோமீட்டர் ஓட்டம். ஒரு மணி பதினைந்து நிமிடத்துக்குள் முடிக்கிறவர் பெயரை அனுப்பலாம். கழகத் தலைவர் பள்ளத்தூர்க்காரர். ரங்கூனில் வியாபாரம் பார்த்துத் திரும்பியவர். கோப்பை, மாலை, ஒலிபெருக்கி எல்லாம் தன் செலவில் செய்கிற தாராளம். அவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் எல்லா முறையும் தெரிஞ்சவுக. எங்குட்டு ஓட விடணும்னு எழுதிக் குடுங்க" என்றார்.

நான் சாலைப் பதிவேட்டைத் திறந்தேன். காரைக்குடியிலிருந்து நேமத்தான்பட்டிப் பக்கமாகப் போகும் எங்கள் சரளைச் சாலையில் பத்தாம் கல் வரை பத்து கி.மீ. என்று இருந்தது. போய்த் திரும்பினால் இருபது. தலைப்பில் சிவப்பு மை. பக்கத்தில் என் சுருக்கொப்பம். அதைப் பார்த்தும் எனக்கு நினைவு வரவில்லை. நம் கையெழுத்து இருந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வகை மனிதன் நான்.

தபால்காரர் அறிவிப்பைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, பத்தாம் கல்லு கூடுதலா இருக்கும்ண்ணே. சைக்கிள்ல போனாலே ஒரு மணிக்கு மேல ஆகுது."

"நீ வழியில ரெண்டு டீ குடிச்சிட்டுப் போவே."

"இல்லண்ணே. மைதானத்துல ஐம்பது சுத்துன்னா இருபது கிலோமீட்டரு. அது எனக்குக் கால்ல தெரியும். இது அதைவிட ரொம்பத் தூரம்."

நான் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். "பாரு, பதிவேட்டில இருக்கு."

அவர் பார்த்தார். அச்சடித்த கோடுகளுக்குள் எழுதிய ஒன்றை மறுத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. "சரிண்ணே, நீங்க சொன்னாச் சரியா இருக்கும்" என்று போய்விட்டார். மேலாளர் தன் நாற்காலியிலிருந்து, "ஓடுறதுக்கு முன்னாடியே சாக்கு தயார் பண்றான் பாருங்க" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் முதலில் குறிப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஓட்டம் என்று அறிவித்திருந்தோம். எட்டு பேர் வந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் எட்டு மணிக்கு வந்தார். அதற்குள் தலைவர் பந்தி போட்டுவிட்டார். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பினார் என்ற பேர் தன் வீட்டுக்கு வரக்கூடாது என்பது அவர் கவலை. வெள்ளைப் பணியாரம், இட்லி, கெட்டிச் சட்னி, கடைசியில் ஒரு டம்ளர் பால். ஏழு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தபால்காரர் மட்டும் அரை டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஓரமாக நின்றார்.

"என்னப்பா, நம்ம வீட்டுப் பணியாரம் ஒனக்கு எறங்காதோ?"

"ஓடி வந்து சாப்புடுறேன் ஐயா."

"வயித்துல ஒண்ணுமில்லாம எப்படி ஓடுவே? வண்டிக்கே பெட்ரோல் போட்டாத்தானே ஓடுது."

கூட்டம் சிரித்தது. தலைவர் முகத்தில் சிரிப்பில்லை. தான் போட்ட இலையில் உட்காராதவனை அவர் மறக்கிறவர் அல்ல.

பத்தாம் கல்லில் ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்திருந்தோம். அது வரை வந்து திரும்பியதற்குச் சான்றாக ஓடுகிறவரின் முன்கையில் அலுவலக ரப்பர் முத்திரையைக் குத்தி அனுப்ப வேண்டும். இதுவும் என் ஏற்பாடுதான். மனிதனின் கையில் முத்திரை குத்தும் யோசனை எனக்கு அன்று நேர்த்தியாகத் தோன்றியது.

எட்டேகாலுக்கு விசில் ஊதினோம். முதல் இரண்டு கல்லுக்குள் இருவர் பணியாரத்தைச் சாலை ஓரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்து பேர் நாலாம் கல், ஐந்தாம் கல் என்று மரத்தடியில் உட்கார்ந்து, பால் சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் ஏறித் திரும்பி வந்தார்கள். ஒன்பதரை ஆனது. கெடு முடிந்தது. பத்தானது. ஒலிபெருக்கிக்காரர், "நம்ம பகுதி வீரர்களுக்கு இன்னும் மூச்சுப் பத்தாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று தெரிவித்துக்கொண்டு ஒயரைச் சுருட்டினார். முடிவுக்கோட்டில் கட்டியிருந்த ரிப்பனை யாரோ கழற்றி மடித்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் போய்விட்டார்.

பத்தரை அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது அவர் வந்தார். இரண்டு மணி பதினான்கு நிமிடம். வெயிலில் உதடு வெடித்து, மேலெல்லாம் உப்புப் பூத்து, சட்டையின் மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் ரத்தம். துணி உரசி உரசித் தோல் போயிருந்தது. ஓடினால் ரத்தம் வரும் என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. கோடு இருந்த இடத்தைக் கடந்துவிட்டு, நிற்க முடியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்லையே, பொழுது சாயறதுக்குள்ள வந்துட்டியே" என்றார் தலைவர். "வழியில எங்கயும் படுத்துட்டியா?"

அவர் முன்கையைக் காட்டினார். முத்திரை வியர்வையில் கலைந்து நீலக் கறையாக இருந்தது. ஒருவர் அதை உற்றுப் பார்த்து, "இது நம்ம ஆபீஸ் முத்திரைதானா?" என்று கேட்டார். முத்திரைக்குப் பொறுப்பானவன் நான். எனக்கே சந்தேகம் வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. தபாலை எடுத்துக்கொண்டு அலுவலகத்தை விட்டு இறங்கினார். வாசலில் மூன்றே படி. அவர் திரும்பி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். தொடைத் தசை அப்படிப் போயிருந்தது. முன்பக்கமாகக் காலை இறக்கினால் மடிந்து விழுந்துவிடுவாராம். இதை அறிய எனக்கு வெகு காலம் ஆனது. அன்று நாங்கள் கண்டது ஒரு வேடிக்கை.

"ரிவர்ஸ் கியர் போட்டுட்டான்யா!"

அலுவலகமே சன்னலுக்கு வந்து சிரித்தது. கீழே இறங்கியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணே, அது இருபது இல்ல. நான் தோத்ததுக்குச் சொல்லல. அது இருபது இல்ல."

நான் என் இடத்துக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். கோபத்தில்தான் திறந்தேன், அவரை அழைத்து இன்னொரு முறை காட்டுவதற்கு. சிவப்புக் கோட்டுக்குக் கீழே 'மைல்' என்ற எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அடித்தால் எழுத்து போய்விடுவதில்லை. இருபது மைல். முப்பத்திரண்டு கிலோமீட்டர். அதை அவர் பட்டினி வயிற்றோடு, உச்சி வெயிலை நோக்கி, கிலோமீட்டருக்கு நாலு நிமிடம் சொச்சத்தில் ஓடியிருக்கிறார். நாங்கள் படுத்தாயா என்று கேட்டிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை பதிவேட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளத்தூருக்குப் போனேன். தலைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விவரம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு கணம் பார்த்தார்.

"அப்ப ஒரு ஓட்டக்காரனுக்காக ரோட்டை நீட்டச் சொல்றீக."

"ரோடு ஏற்கெனவே நீளமாத்தான் இருக்குங்க ஐயா. நான்தான் சுருக்கிட்டேன்."

"சரி, இப்ப என்ன செய்யணும்கிறீக?"

நான் முறையைச் சொன்னேன். ஓவர்சியரை வைத்துச் சாலையை அளந்து சரியான இருபது கிலோமீட்டரைக் குறித்து, அவரை மட்டும் மறுபடி ஓட விடலாம். பட்டியல் வெள்ளிக்கிழமைத் தபாலில் போக வேண்டும். ஆகவே வியாழக்கிழமை.

"முப்பத்திரண்டு ஓடுனவனுக்கு இருபது என்ன பெரிய விசயம்? காத்து வாங்கிட்டு வந்துருவான்" என்றார் தலைவர்.

நானும் அப்படியே நினைத்தேன். பெரிய எண்ணைச் செய்தவனுக்குச் சின்ன எண் எளிது. நடுவில் முழுதாக மூன்று நாள் ஓய்வு இருக்கிறது. கணக்கு சரி. பின்பக்கமாகப் படி இறங்கிய மனிதனை நேற்றுப் பார்த்தவன் போட்ட கணக்கு இது. வியாழக்கிழமை என்ற யோசனை என்னுடையது. இதைத் தலைவர் தலையில் சுமத்த எனக்கு வழியில்லை.

தபால்காரரிடம் சொன்னபோது, "நாளு தள்ள முடியாதாண்ணே?" என்று கேட்டார்.

"பட்டியல் போயிரணும்ப்பா."

"காலு இன்னும் என் பேச்சுக் கேக்கலண்ணே."

"மெதுவா ஆரம்பி, சரியாயிரும்" என்று நான் அறிவுரை சொன்னேன். பேருந்துக்குக்கூட ஓடாத நான்.

புதன்கிழமை காலை ஓவர்சியர், சங்கிலி பிடிக்க இரண்டு ஆட்கள், நான். இருபது மீட்டர்ச் சங்கிலியை ஐந்நூறு முறை நீட்டிப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான் நோட்டில் கோடு கிழித்தேன். நூறாவது சங்கிலியில் செருப்பு கடித்தது. இருநூறில் கழற்றிக் கையில் பிடித்தேன். சரளை சுட்டது. முந்நூறுக்கு மேல் நான் எண்ணுவது சரியா என்று ஓவர்சியருக்குச் சந்தேகம் வந்து, தானே எண்ண ஆரம்பித்தார். ஐந்நூறாவது சங்கிலி ஆறாம் கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் விழுந்தது. சுண்ணாம்பால் கோடு போட்டோம். பத்தாம் கல் அங்கிருந்து கண்ணுக்கே எட்டவில்லை. நான் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வர விறகு வண்டி ஒன்று கிடைத்தது. உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். இரவெல்லாம் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது.

நடந்தது பத்து கிலோமீட்டர். நடுநடுவே நின்று நின்று, அரை நாளில். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கொப்புளத்துக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே நான் யோசித்தது, நாளைக்கு ஸ்டாப் வாட்ச்சுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒப்புதல் சீட்டுக் கொடுத்தாகிவிட்டதா என்பதைத்தான்.

வியாழக்கிழமை ஏழே முக்காலுக்குத் தலைவரின் கார் வந்தது. நேரம் குறிப்பவனாக நான் பின் இருக்கையில். தபால்காரர் வெறுங்காலோடு கோட்டில் நின்றார். விசில் ஊதியதும் கார் முன்னால் புறப்பட்டது. சரளைச் சாலையின் செம்புழுதி எழுந்து அவரை மூடியது. பின் கண்ணாடியில் ஆள் தெரியவில்லை.

"ஐயா, வண்டியைப் பின்னாடி விட்டா அவருக்குப் புழுதி அடிக்காது."

"பின்னாடியா?" தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. "தபால்காரன் முன்னாடி போவான், நான் அவனுக்குப் பின்னாடி காவலுக்குப் போகணுமா? வழியில ஊர்க்காரன் பாத்தா என்ன சொல்லுவான்?"

விதி எதுவும் எனக்கு நினைவு வரவில்லை. கழகத் தலைவரின் கார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கார் கொஞ்ச தூரம் போய் நிற்கும். அவர் புழுதிக்குள்ளிருந்து இருமிக்கொண்டே வெளியே வருவார். நெருங்கியதும் கார் மறுபடி கிளம்பும். தலைவர் பிளாஸ்கைத் திறந்து, "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு ஓடச் சொல்லுங்க, தெம்பா இருக்கும்" என்றார். உண்மையான பரிவோடுதான் சொன்னார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. வெறுப்பு என்றால் எதிர்த்துப் பேசலாம். இது பிளாஸ்கோடு வருகிறது.

சுண்ணாம்புக் கோட்டில் திரும்பியபோது முப்பத்தேழு நிமிடம் பத்து விநாடி. கெடுவுக்குள் இருந்தார். திரும்பும் வழியில் எதிர்க்காற்று. புழுதியை அது அவர் முகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தது. நாலாம் கல்லருகே இடது கால் உள்பக்கமாக மடிய ஆரம்பித்தது. அவர் அதை ஒரு அடி, அதற்குப் பிறகு ஒரு அடி என்று தூக்கித் தூக்கிப் போட்டார். வாய் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. புளியங்கொட்டை நினைவாக இருக்கலாம்.

"நல்லாத்தானே ஓடுறான். இன்னும் கொஞ்சம் வெரசா ஓடுனா என்ன?" என்றார் தலைவர்.

கார் முன்னால் போய் முடிவுக்கோட்டில் நின்றது. இறங்கினேன். கொப்புளம் வலித்தது. அவர் வருவது தெரிந்தது. வாட்ச்சைப் பார்த்தேன். எழுபத்து நான்கு நிமிடம். இன்னும் இருநூறு முந்நூறு கஜம் இருந்தது. எழுபத்தைந்து. அவர் கண் என் கையிலிருந்த வாட்ச்சின் மேல் இருந்தது. கோட்டைக் கடந்ததும் அமுக்கினேன். முழங்கால் இரண்டும் தரையில் விழ, என் காலடியில் உட்கார்ந்தார்.

ஒரு மணி பதினைந்து நிமிடம் நாற்பது விநாடி.

தலைவர் எட்டிப் பார்த்தார். "நாப்பது செகண்டுதானே. பதினாலுன்னு போட்டு விடுங்க. வெத்தலையில சுண்ணாம்பு தடவுற நேரம். அதுக்கா ஒருத்தன் பொழப்பைக் கெடுக்கிறது?"

ஆம், அவரேதான் சொன்னார். தன் இலையில் உட்காராதவனுக்காக. நாற்பது விநாடி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. அதனால் அள்ளிக் கொடுக்க முடிந்தது.

படிவம் என் கையில் இருந்தது. பேனாவும். கீழே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணைச் சுற்றிச் செம்மண், நடுவில் வெள்ளை மட்டும். போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"நீங்க பாத்து எழுதுங்கண்ணே" என்றார்.

எனக்குத் திங்கட்கிழமையிலிருந்து அந்தச் சிவப்பு மை உறுத்திக்கொண்டிருந்தது. இனி உள்ளதைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை என்று தீர்மானம் செய்திருந்தேன். நல்ல தீர்மானம். அதை நிறைவேற்ற எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. 1 மணி 15 நிமிடம் 40 விநாடி என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டேன். ஒரு சாலையையே பார்க்காமல் ஆறு கிலோமீட்டர் சுருக்கியவன், அன்று ஒரு மனிதனை விநாடி சுத்தமாக அளந்தேன். பாவம் செய்தது நான். பரிகாரம் செய்ததும் நான். செலவு மட்டும் அவருடையது.

"சரியான ஆளய்யா நீரு" என்று சொல்லிவிட்டுத் தலைவர் காரில் ஏறினார்.

வெள்ளிக்கிழமைத் தபாலில் எங்கள் வட்டாரத்திலிருந்து 'எவருமில்லை' என்ற அறிக்கை போனது. அதைத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். ஆலைக்கான விண்ணப்பம் என் மேசை இழுப்பறையில் அந்த ஒரு பத்தி காலியாகவே கிடந்தது. சில மாதங்களில் அவருக்கு இருபத்தைந்து முடிந்தது. தற்காலிகம் என்ற சொல் அவர் பெயருக்கு முன்னால் இன்னும் பல வருடம் இருந்தது.

சரியாக ஒன்பது மாதம் கழித்து, கோப்பில் நான் எதிர்பார்த்து எழுதிய அந்த அறிவுரை இரண்டாவது சுற்றறிக்கையாக வந்தது: பதிவேடுகளில் எண்களையும் மெட்ரிக்கில் திருத்த வேண்டும். நான் பத்தை அடித்து 16.09 என்று எழுதினேன். அன்றுதான் அவர் ஓடிய தூரம் சர்க்கார் கணக்கில் முப்பத்திரண்டு ஆனது. மை காய்வதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. மன்னிப்பாக இருக்கலாம்.

அவர் குனிந்து பார்த்தார்.

"இதைத்தானேண்ணே அன்னைக்கே காலு சொல்லுச்சு" என்றார். பிறகு தபால் புத்தகத்தைத் திறந்து, அன்றைய கடிதங்களுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். போட்டேன். பையை மாட்டிக்கொண்டு மூன்று படிகளையும் முன்பக்கமாகவே இறங்கிப் போனார்.